மஞ்சள் பாக்கெட்

எங்கள் திருகாணித் தொழிற்சாலையில் துங் பாவ்-சூ அக்கா அதிகம் பேசியது மூன்றாம் மாடி சர்வரோடுதான். பீட்சா டப்பா மாதிரி தட்டையான யூனிக்ஸ் எந்திரம். இரும்பு அலமாரியில் செருகி முடுக்கியிருக்கும். ஆர்டர், சரக்கு, டெலிவரி எல்லாம் அதற்குள்தான். அதன் பாஷை அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக அந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்வார். கீழே வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் நானும் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சர்வர் தலையில் ஒரு சோளப்பொரி பாக்கெட் எப்போதும் இருக்கும். எங்கள் ஊர் கங்ஷானில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இருக்கும். அந்தப் பொரியின் பெயரே குழந்தையிடம் 'சமத்தா இரு' என்று சொல்கிற சொல்தான்; மேலே வைத்தால் எந்திரமும் சமத்தாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. பச்சை பாக்கெட்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் சர்வர் விளக்கும் பச்சையாக எரியும். தேதி தாண்டக் கூடாது. யாரும் பிரித்துத் தின்னவும் கூடாது.

ஆகஸ்டில் அக்கா ஒரு நாள் லீவு கேட்டார். தைச்சுங்கில் மகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாசம், விருந்து. பதினோரு வருஷத்தில் அவர் கேட்ட முதல் லீவு. மேனேஜர் குவோ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

"யென்-பிங், பாக்கெட் தேதி நாளையோட முடியுது. புதுசா ஒண்ணு மாத்திடு. பச்சை," என்றார் அக்கா என்னிடம்.

"எனக்குத் தெரியாதாக்கா? நான் என்ன வெளிநாட்டுக்காரியா? நீங்க நிம்மதியா போய்ப் பேரனைக் கொஞ்சிட்டு வாங்க."

மறுநாள் கடையில் பச்சை இல்லை. ஆவிகளுக்குப் படைக்கிற பேய் மாசம் என்று ஊரே அள்ளிக்கொண்டு போயிருந்தது. சோளப்பொரிக்கு என்ன நிறம் வேண்டிக்கிடக்கிறது என்று மஞ்சளை வாங்கி, சர்வருக்கும் மேல்தட்டுக்கும் நடுவே அமுக்கிச் செருகினேன். கீழே இறங்குவதற்குள் எந்திரம் கீச்சிட ஆரம்பித்தது. விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"மஞ்சளையா வைச்சே? தலைக்குள்ள என்ன இருக்கு உனக்கு?" என்றார் குவோ. "அவளைக் கூப்பிடு."

 ஒரே ஒரு விருந்து, அதையும் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தபடியே எண்ணை அழுத்தினேன். போனில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

இருபது நிமிஷத்தில் வந்து நின்றார். புதுச் சட்டை, உதட்டுச் சாயம், கையில் சிவப்புத் தாள் சுற்றிய பரிசுப் பெட்டி. நேராகச் சர்வரின் பின்னால் போய்க் கையை விட்டார். "இதுக்கு ரெண்டு கரண்ட் ஒயர். நீ அமுக்கினதுல ஒண்ணு கழண்டிருக்கு. பாக்கெட் மேல பழி போடாதே." ஒயரைச் செருகியதும் விளக்கு பச்சையானது. குவோ இறங்கிப்போனார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தைச்சுங்கிலிருந்து அதிவேக ரயிலில் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

"அக்கா, நீங்க போகவே இல்லையா?"

பரிசுப் பெட்டியை மேஜை மேல் வைத்தார். "எம்பொண்ணு கூப்பிடலடி. சம்பந்தி வீட்டு ஆளுங்களுக்கே இடம் பத்தலையாம், அப்புறமா பார்த்துக்கலாம்னா. மனசு மாறிக் கூப்பிட்டா உடனே கிளம்பலாம்னு காலையிலேர்ந்து நம்மூர் ஸ்டேஷன்லயே உட்கார்ந்திருந்தேன். போன் அடிச்சுது. நீ."

 அக்கா கைப்பையைத் திறந்து ஒரு பச்சை பாக்கெட்டை எடுத்தார். பேரனுக்கென்று போன வாரமே வாங்கி வைத்திருந்தாராம். மஞ்சளை என் கையில் திணித்துவிட்டு, பச்சையைச் சர்வர் மேல் வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

"சமத்தா இரு" என்றார். பிறகு ஸ்வெட்டரை எடுத்துப் புதுச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டார்.