கொப்புளத்தின் மேல் அடித்த பெயிண்ட்

ஊராட்சியின் வெள்ள மீட்புப் படகைக் கெடுத்தது தலைவரான நீங்கள்தான் சார். டிரெய்லரிலேயே நின்ற அந்த ஃபைபர் படகுக்குள் மாதக்கணக்கில் மழைநீர் தேங்கி, அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம் கிளம்பியிருந்தது. பாளையம்பட்டியில் ஃபைபர் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“அடியில இருக்க மூடியைக் கழட்டி விட்டிருக்கலாம்ல சார்?”

“நம்ம ஊர்ல கெடைச்ச தண்ணியை எவனாச்சும் தொறந்து விடுவானாய்யா? ஆடு குடிக்குதுல்ல. நாளைக்கு ஆபீசருக ஆய்வுக்கு வாராக, பெயிண்ட அடி.”

கொப்புளத்தை உடைத்து, கழுவி, வாரக்கணக்கில் காயவைத்த பிறகே பூச வேண்டும். தெரிந்தும் அடித்தேன்.

கண்மாய்க் கரை உடைந்து ஊருக்குள் வெள்ளம் வந்த அன்று, கல்லில் உரசியதும் கொப்புளம் இருந்த இடம் பிய்ந்து படகு மூழ்கியது. வெள்ளத்திலிருந்து மீட்டு ஏற்றியிருந்த, காலில் மாவுக்கட்டுப் போட்ட லாரி டிரைவரை, படகில் கூடப் போன நான்தான் தோளில் தூக்கிக் கரையேற்றினேன்.

“பெயிண்டு புதுசா இருக்கேன்னு நம்பி ஏறுனேண்ணே” என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து பிரஷைத் தொடவே கூசுகிறது. என் தப்பைச் சொல்லிவிட்டேன். அடிக்கச் சொன்னது யாரென்று கிராம சபையில் எழுந்து நீங்கள் சொல்லுங்கள் சார்.