கேப்டன் இல்லாத படம்

எங்கள் தீவில், ரோஸ் ஹில் என்ற ஊரில் நாங்கள் படித்த கல்லூரியின் அலுவலகச் சுவரில் அந்தப் படம் இன்னும் தொங்குகிறது. நான்கு பேர் நிற்கிறார்கள். நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். என் மடியில் கோப்பை. பனியனின் கழுத்துக்கு வெளியே வெள்ளிச் சங்கிலி ஒன்று கிடக்கிறது, அதில் மாதா பதக்கம். படத்துக்குக் கீழே பித்தளைத் தகட்டில் என் பெயரைப் பொறித்து, பக்கத்தில் ‘கேப்டன்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் கேப்டன் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. போன மாதம் ஆண்டு விழாவுக்கு அழைத்து, மாலை போட்டு, “நம் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவின் முதல் கேப்டன்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் கை தட்டியது. மேடையிலேயே மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, படத்தில் இல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நேரமாகிவிட்டது என்று காதில் சொல்லி என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். இங்கே என்னை உட்கார வைக்க ஆளில்லை.

எங்கள் கேப்டன் சேன் பியேர் ஊர்ப் பக்கத்துக்காரன். அவன் பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். பெரிய தோட்டத்துக்காரர்கள் தங்களுக்கு வேண்டாத கல்லுக்காட்டைத் துண்டு துண்டாக விற்றபோது அவன் அப்பா கொஞ்சம் வாங்கினார். வாங்கியது நிலம் என்று பெயர்தான், பாதிக்கு மேல் பாறை. குடும்பமே சேர்ந்து கல் பொறுக்கி, வயல் நடுவில் மலையாகக் குவித்து, மிச்ச இடத்தில் கரும்பு நட்டது. கேப்டனின் தோள் அப்படி வந்த தோள். நானோ புதுச்சேரியிலிருந்து தச்சு வேலைக்கு வந்தவர்களின் வழி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை, மற்ற நாளெல்லாம் தீவின் பொதுப் பேச்சான கிரியோல், விருந்தாளி வந்தால் பிரெஞ்சு. எனக்குத் தமிழ் வாயில் வந்தது கேப்டனின் அம்மா அவனைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுத்தான். அதனால் என் தமிழில் வசவு முதலில் வந்தது, மற்றதெல்லாம் பிறகு படித்துக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இந்தத் தீவில் பந்து என்றால் கால்பந்துதான். கூடைப்பந்தை எங்களுக்குக் காட்டியவர் மதராஸில் படித்துவிட்டு வந்திருந்த விளையாட்டு ஆசிரியர். அவர் காட்டினார், அவ்வளவுதான். மைதானத்தை உண்டாக்கியது கேப்டன். அப்பாவின் மாட்டுவண்டியில் சர்க்கரை ஆலையின் உலைச் சாம்பலை ஏற்றிக்கொண்டு வந்து, செம்மண்ணோடு கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, எங்களை வரிசையாக நிற்க வைத்து மிதிக்கச் சொன்னான். வளையத்துக்கு எங்கே போவது? சேன் பியேரில் சீனர் கடைக்குப் பின்னால் உடைந்து கிடந்த ரம் பீப்பாயின் இரும்புப் பட்டையைக் கேட்டு வாங்கி வந்தான். கடற்கரை ஊரான சுயாக்கிலிருந்து வந்து படித்த மீனவர் மகன் ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். அவன் வீட்டுக் கிழிந்த வலையை வெட்டி அதில் கட்டினோம். மழை பெய்தால் வலையிலிருந்து கருவாட்டு வாசனை வரும். கால்பந்து ஆடுகிறவர்கள் எங்களைக் கூடைக்காரர்கள் என்று கேலி செய்தார்கள். “கூடைக்காரன்னா என்ன இப்போ? கூடை தூக்காத வீடு இந்த ஊர்ல எது?” என்பான் கேப்டன்.

அந்த வருஷம் அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. படிப்பு முடிகிற வருஷம். முடிந்தால் வயலுக்குத்தான் போக வேண்டும், அப்பா அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். விளையாட்டு ஆசிரியர் ஊர் மாறிப் போகப் போகிறார் என்று தெரிந்தபோது, கல்லூரி முதல்வர், நாங்கள் ரெக்டர் என்று கூப்பிட்டவர், கேப்டனை அழைத்தார். நானும் கூடப் போயிருந்தேன். “இந்த வருஷம் கோப்பை நம் கல்லூரிக்கு வரட்டும், அந்த வேலையை உனக்குத் தருகிறேன்” என்றார். என் இரண்டு காதாலும் கேட்டேன். திரும்பி வரும்போது கேப்டன் படிக்கட்டை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கினான். அன்றைக்கு ரயிலில் சேன் பியேர் வரைக்கும் அவன் பேசிய பேச்சில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. எந்த இடத்தில் இரண்டாவது மைதானம் போடுவான், மழைக்காலத்தில் எங்கே பயிற்சி வைப்பான், எல்லாம் அப்போதே தயார். சின்னப் பயல்களுக்குத் தாழ்வான வளையம் ஒன்று வேண்டும் என்று மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பான்.

சொன்னபடியே ஆடினோம். அப்போதெல்லாம் ஒவ்வொரு கூடை விழுந்ததும் பந்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பேருக்கு நடுவில் மேலே எறிவார்கள். எங்கள் கேப்டன் குதித்தால் எதிராளிக்குப் பந்தின் நிழல்தான் கிடைக்கும். ஊர் ஊராக மூன்றாம் வகுப்பு ரயிலில் போய் ஜெயித்துக்கொண்டு வந்தோம். அரையிறுதி சுயாக்கில். அதற்குச் சில நாள் முன்பு பங்குனி உத்திரக் காவடிக்காகக் கேப்டன் வலது கையில் காப்புக் கட்டிக்கொண்டிருந்தான். மஞ்சள் தடவிய நூல்தான், வேறொன்றுமில்லை. அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது அம்மா வைத்த வேண்டுதல், அதனால் வருஷா வருஷம் காவடி. அந்த நூலோடுதான் சுயாக்கில் ஆடினான். நடுவர் அதைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இறுதி ஆட்டத்துக்கும் அதே மனிதர்தான் நடுவர்.

காப்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டிய பிறகு கவிச்சி கிடையாது, கட்டில் கிடையாது, காவடியைச் சன்னதியில் இறக்கி வைக்கிற வரைக்கும் அந்த நூல் கையைவிட்டு இறங்கக் கூடாது. கட்டியவன் பாதியில் அவிழ்ப்பது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். வீட்டில் சாவு விழுந்தால் அவிழ்ப்பான். வேதக்காரனான எனக்கே, கிறிஸ்தவனான எனக்கே, இது தெரியும். இந்தத் தீவில் தமிழ் வழியில் பிறந்த எவருக்கும் தெரியும். எங்கள் ரெக்டர் என்னைப் போலவே புதுச்சேரி வழிதான். அவருக்கும் தெரியும்.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில்தான். எதிரணி பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரி, சுயாக்கில் எங்கள் ஆட்டத்தை வேவு பார்க்க ஆள் அனுப்பியவர்கள். ஆட்டம் தொடங்கும் முன் அவர்களுடைய ஆசிரியர் நடுவரிடம் போய் ஏதோ சொன்னார். நடுவர் நேராக எங்கள் கேப்டனிடம் வந்து கையைக் காட்டினார். “தீர் சா” என்றார். கழற்று என்று அர்த்தம். கையில் நகை நட்டு எதுவும் இருக்கக் கூடாது என்று விதியாம். கேப்டன் மிசே, ஐயா என்று அழைத்துப் பொறுமையாகத்தான் பேசினான். இது நகை இல்லை, நூல் என்றான். துணி சுற்றிக்கொள்கிறேன் என்றான். சுயாக்கில் இதோடுதான் ஆடினேன், நீங்களே இருந்தீர்கள் என்றான். நடுவர் சுயாக்கைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நடுவர் முன்னால் போய் நின்று என் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினேன். “இது வெள்ளி, மிசே. இது நகை இல்லையா? எல்லா ஆட்டத்திலும் போட்டுக்கொண்டுதான் ஆடினேன். எதிரில் நிற்கிறவர்கள் கழுத்தையும் பாருங்கள்” என்றேன். அவர்களில் மூன்று பேருக்குச் சங்கிலி பளபளவென்று தெரிந்தது. நடுவர் என்னைச் சிறுபிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அது வேறு. அது மதம்” என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை. கழுத்தில் கிடந்தால் மதமாம், கையில் கிடந்தால் நகையாம்.

அவரையாவது விடலாம், அவருக்கு நம் வழக்கம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். ரெக்டரை எதில் சேர்ப்பது? கோட்டும் தொப்பியுமாக எழுந்து வந்தார். நடுவரிடம் நியாயம் கேட்பார் என்று நினைத்தேன், மடையன் நான். கேப்டனின் தோளில் கையைப் போட்டு, “இப்போதைக்கு அறுத்துவிடு. நாளைக்கு வேறொன்று கட்டிக்கொண்டால் போகிறது, கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்” என்றார். கேப்டன் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டான்.

“எங்கம்மா வீட்ல உசுரோட இருக்குது, மிசே. பாதியில அறுத்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும்.”

“விளையாட்டில் இதையெல்லாம் பார்க்க முடியாது.”

“மோ பா பு கூப்பே” என்றான் கேப்டன். அறுக்க மாட்டேன் என்று, கூட்டத்துக்கே கேட்கும்படி கிரியோலில் சொன்னான்.

நாங்கள் நால்வரும் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டோம். ஆட்டமும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம் என்றுதான் கிளம்பினோம். எங்களைத் தடுத்தவன் அவன். “எங்கடா போறீங்க? கப்பு வந்தாத்தான் எனக்கு வேல. நான் ஆடுனா என்ன, நீங்க ஆடுனா என்ன? ஆடுங்க” என்றான். அதனால் ஆடினோம். அவனுக்குப் பதிலாக மெலிந்த பையன் ஒருவனை இறக்கினோம். நடுவில் எறிந்த பந்து ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கே போனது. பறித்துப் பறித்துத்தான் ஆட வேண்டியிருந்தது. கேப்டன் பழப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். முடிகிற நேரத்தில் சுயாக் பையன் தொலைவிலிருந்து இரண்டு கையாலும் ஒன்றை எறிந்தான். பீப்பாய் வளையத்தின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வந்து வலைக்குள் விழுந்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் ஜெயித்தோம். கேப்டன் ஓடி வந்து அந்தச் சுயாக் பையனைத் தோள்மேல் தூக்கிக்கொண்டான்.

சில நாளில் காவடி. நானும் கூட நடந்தேன். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு, வெயிலில் கொதிக்கிற தெருவில் வெறுங்காலோடு கோவில்வரை தூக்கிப் போய் இறக்கினான். பூசாரி காப்பை அவிழ்த்தார். வீட்டில் வாழையிலை போட்டு ஏழு கறியோடு அவன் அம்மா எனக்குப் பரிமாறினாள். “கப்பு வந்துடுச்சாமே? வேலைக்கு எப்ப வரச் சொல்றாங்க?” என்று என்னைக் கேட்டாள். “திங்கக்கெழம கூப்பிடுவாங்கம்மா” என்று அவனே பதில் சொன்னான். “நல்ல சட்ட ஒண்ணு தைச்சுக்கடா, வாத்தியாருன்னா சும்மாவா” என்றாள். மைதானத்தில் நடந்தது எதையும் அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

திங்கட்கிழமை ரெக்டர் அறையில் நடந்ததைக் கேளுங்கள். “கோப்பை வந்தது உண்மை. ஆனால் நீ கொண்டுவரவில்லையே” என்றார். கல்லூரிக்குத் தேவையான நேரத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாதவனிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது என்றும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். அந்த மாதமே அவர் தங்கை மகன் அந்த வேலைக்கு வந்து சேர்ந்தான். பந்தை எந்தக் கையால் பிடிப்பது என்று அவனுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. படம் எடுக்கிறவரை வரவழைத்தபோது, இறுதி ஆட்டத்தில் ஆடியவர்கள் மட்டும் நிற்கலாம் என்று உத்தரவு வந்தது. என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சங்கிலியைப் பனியனுக்கு உள்ளே போட்டுக்கொள், படத்தில் அழகாக இருக்காது என்று ரெக்டர் சொன்னார். நான் வேண்டுமென்றே வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். என்னால் அன்றைக்கு முடிந்தது அவ்வளவுதான்.

கேப்டன் வயலுக்குப் போனான். நன்றாகவே வாழ்ந்தான், பொய் சொல்லக் கூடாது. கரும்பு விளைந்தது, பெண்களைக் கட்டிக்கொடுத்தான், கோவில் நிர்வாகத்தில் இருக்கிறான். ஆனால் அந்த வேலை அவனுடையது, பறித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் கழிந்துவிட்டதே என்று என்னிடம் யாரும் சமாதானம் சொல்ல வரவேண்டாம். காலம் கழிந்தால் எடுத்தது எடுத்தவனுடையதாகிவிடுமா?

ஆண்டு விழா முடிந்து மறுநாள் காலையில் சேன் பியேருக்குப் போனேன். அவன் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் கொத்திக்கொண்டிருந்தான். பங்குனி மாதம், வலது கையில் புதுக் காப்பு. காவடி இப்போது பேரன் தூக்குகிறான், இவன் கூட நடப்பதற்காகக் கட்டிக்கொள்கிறான். மேடையில் என்னைக் கேப்டன் என்று கூப்பிட்டதைச் சொன்னேன். தகட்டைப் பிடுங்கி எறியச் சொல்லப் போகிறேன் என்றேன். அவன் மண்வெட்டியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“உனக்குக் கோபமே வரவில்லையா?” என்றேன்.

“எனக்கு எதுக்குடா? எனக்கும் சேத்துத்தான் நீ படுறியே” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அந்தப் பயலுங்களுக்குத் தாழ்வா ஒரு வளையம் போட்டாங்களா அப்புறம்?” என்று கேட்டான்.

போடவில்லை. திரும்புகிற வழியில் கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அலுவலகத்தில் அந்தப் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். என் கழுத்துப் பதக்கம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. எத்தனையோ பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஆட்டக்காரன் கழுத்தில் இது எதற்கு என்று இன்றுவரை ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை.