மைனி விட்டுக்கொடுக்காத விமானம்

திரையில் தெரிந்தது பஸ் டிரைவரின் இருக்கை என்றுதான் முதலில் நம்பினேன். இரண்டு ஸ்டீயரிங் இருந்ததால், ஓட்டப் பழகுகிறவர்களுக்கான பஸ் என்று கூடுதலாக ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். கருங்கல் ஊர் சர்ச் ஹாலில், அறுப்பின் பண்டிகை மாலையில், பழைய விமானங்களின் காக்பிட் படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் போட்டி அது. அணிக்கு இரண்டு பேர். எங்கள் அணியில் அறிவுக்கு என் அண்ணனின் மனைவி, என் மைனி. ஆள் கணக்குக்கு நான்.

மைனி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். மீன் வெட்டும்போதுகூட ஃபோனைச் சாய்த்து வைத்து, காக்பிட் படங்களைப் பார்த்தபடி விமானத்தின் பெயர் சொல்லுவார். ஜன்னல் சட்டத்தின் வளைவு ஒன்றே அவருக்குப் போதும். கோப்பை எங்கள் வீட்டுக்குத்தான் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. கடைசிப் படம் வந்தபோது நாங்களும் குலசேகரம் ஊர் அணியும் சமம்.

நடுவர் வளைகுடாவில் விமான நிலைய வேலை பார்த்துத் திரும்பியவர். எங்கள் பக்கத்தில் வளைகுடா போய்வந்தவர் இயந்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. கிணற்று மோட்டார் நின்றாலும் அவர்களைத்தான் கூப்பிடுவோம். அவர் சரியான விடை "டக்கோட்டா" என்றார்.

மைனி எழுந்தார். "இல்ல சாரே, லி-டூ. அமெரிக்காக்காரனுக்க டக்கோட்டாவப் பாத்து ரஷ்யாக்காரன் கெட்டினது. மீட்டர்ல எல்லாம் ரஷ்ய எழுத்தாக்கும்."

"அவன் டக்கோட்டாவ வெலைக்கு வாங்கியிருப்பான்."

"வாங்கினவன் மீட்டரெல்லாம் பிடுங்கி மாத்துவானா சாரே?"

ஹால் சிரித்தது. நடுவர் சிரிக்கவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கினால் இன்னொரு படம் உண்டு, இல்லாவிட்டால் அணியே வெளியே என்றார்.

"மைனி, டக்கோட்டான்னே வச்சுக்கிடுவோம்" என்று கெஞ்சினேன்.

"நீ வச்சுக்கோ மக்கா. எனக்குக் கண்ணு இருக்கு."

நானும் எழுந்தேன், கழிப்பறைக்குப் போக. கூட்டம் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. நடுவர் மைக்கை நீட்டி, "நீரும் அதுதானா சொல்லுகீரு?" என்றார். கதவைப் பார்த்தேன். மைனியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒற்றையாக நிற்பதென்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"லி-டூதான் சாரே" என்றேன். குரல் ஆட்டுக்குட்டியினுடையது, சொல் என்னுடையது.

பட்டியலிலிருந்து எங்கள் பெயரை அடித்தார்கள். கோப்பை குலசேகரத்துக்குப் போனது. அந்தப் படத்தை வெளியிட்ட அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் அன்றும் லி-டூ என்றுதான் இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.