எட்டு வருசத்துக்குத் தொடமுடியாத கோடு

ரந்தாவ் ஊரைத் தாண்டியதும் லோரி சூடாகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளிக்கு எதிரே ஒரு சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்துகிறேன். கடைக்கார அம்மா கேட்காமலே வாளியில் தண்ணீர் தருகிறார். பக்கத்தில் அவர் கணவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் இல்லை.

பின்னால் இருக்கும் தோட்டத்து ஆட்கள் ஓட்டுப் போடுவது எதிர்ப் பள்ளியில்தான் என்கிறார் அந்த அம்மா.

"தேர்தல் கமிஷன்காரங்க தொகுதி எல்லைக் கோட்ட மாத்தி எங்க லயத்து வீடுங்கள லிங்கி ஊரு பக்கம் தள்ளப் பாத்தாங்கண்ணே. அவ்ளோ தூரம் இவரு எப்படிப் போவாரு? எதிர்த்து எழுத நூறு பேரு கையெழுத்து வேணும்னாங்க. ஆடி மாசம் கோயில்ல நான்தான் கூழ் ஊத்துனேன். கையெழுத்து போட்டாத்தான் கூழுன்னுட்டேன்."

"கெடச்சுதா?"

"ரெண்டாவது தடவ கூழ் கேட்டவன் ரெண்டாவது கையெழுத்தும் போட வந்தான்லா!"

கோடு பழைய இடத்துக்கே வந்துவிட்டதாம்.

"மறுபடியும் மாத்திட்டா?"

"எட்டு வருசத்துக்குத் தொட முடியாதுண்ணே. சட்டம் இருக்கு. இவருக்கு அது போதும்."

"கேட்டீங்களா? எட்டு வருசத்துல என்னை அனுப்பிடப் பாக்குறா" என்கிறார் கணவர்.

சொல்லிவிட்டு ஊன்றுகோலுடன் எழுந்து, சாலையைக் கடந்து, பள்ளிக் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வாளியைக் கொடுத்து நன்றி சொல்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதியவர் யாரோ, அவருக்கும் சேர்த்துத்தான்.