கடைசி ஸ்டாப் இல்லாத வண்டி

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்களுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கிப் பகல் பன்னிரண்டுக்கு முடிந்துவிடும். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுப்பார்கள். நம் மீட்டர்காரர் படுக்கமாட்டார். பதினெட்டு வருடமாக அடுத்தவர் வீட்டுச் சந்தில் குனிந்து, மூடியைத் திறந்து, கரப்பான்பூச்சியை விரட்டிவிட்டு எண்களைக் குறித்துக்கொள்பவருக்கு மதியமானால் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறான் என்று அவருடைய அக்கா வாரத்துக்கு நான்கு முறை சொல்வாள். மீதி மூன்று நாள் அவள் வீட்டுப் பக்கம் அவர் போவதில்லை, அவ்வளவுதான்.

அலைந்தது வீண் போகவில்லை. எந்த அருங்காட்சியகத்தில் எந்தக் கிழமை டிக்கெட் கிடையாது, எந்த மேம்பாலத்தில் நின்றால் ரயில் பெட்டிகளைக் கழுவுவது தெரியும், விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு தலைக்கு மேலே இறங்குவது எந்தச் சுவருக்குப் பக்கத்தில், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த அறிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரி. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் ஒரு வாரம் வீட்டில் இருந்தால் பெரிய விஷயம். இரண்டு பெண்கள், பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு. கோடை விடுமுறை வந்தால் இருவரையும் தொலைவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். அந்த அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் அவள் வீட்டில் மதியம் முழுக்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. போன வருடம் திரும்பி வந்த சின்னவள் ஒரு வாரத்துக்குக் கிசுகிசுவென்றுதான் பேசினாள்.

அதனால் இந்த வருடம் தம்பி துணிந்து கேட்டுவிட்டார். "புள்ளைங்கள என்கிட்ட விடுக்கா. காலைல எதிர் வீட்டு அம்மா பாத்துக்கட்டும். மத்தியானத்துக்கு மேல நான் ஊரைச் சுத்திக் காட்டறேன். ஒரு நாள் பஸ் பாஸ், வீட்டுச் சாப்பாடு, அவ்ளோதான் செலவு."

அக்கா தையல் ஊசியைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தாள். "ஒரு தடவை ஏதாவது ஒண்ணு ஆச்சு, அன்னைக்கே ரெண்டும் அத்தை வீட்டுக்கு ரயில் ஏறும். அப்புறம் பேச்சே கிடையாது, சொல்லிட்டேன்."

முதல் மூன்று வாரம் ராஜபோகம். தீயணைப்பு நிலையத்தில் குழாயைப் பிடிக்க விட்டார்கள். பெரிய மேசை நாற்காலிக் கடையில் குளுகுளுவென்ற ஹாலில் பதினான்கு சோபாக்களில் உட்கார்ந்து பார்த்து, எதுவும் சரியில்லை என்று பெரியவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். விற்பனையாளர் வாசல் வரை வந்து மன்னிப்புக் கேட்டார். மீட்டர்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெற்ற பிள்ளை இல்லாத குறை தனக்கு இருந்ததே அந்த வாரங்களில்தான் அவருக்குத் தெரிந்தது.

பஸ் ஏறும்போதெல்லாம் ஒரு பாடம் நடத்துவார். "கூட்டத்துல தப்பிட்டா அழக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. பேசாம உக்காந்து கடைசி ஸ்டாப்ல இறங்கி நில்லுங்க. மாமா அங்க வந்துடுவேன்." எந்த பஸ்ஸுக்கும் பொருந்தும் பாடம் என்று அவருக்கு நினைப்பு.

நான்காவது வாரம், அருங்காட்சியகத்தில் இலவச நாள். மூவரும் ரவுண்டு வண்டியில் ஏறினார்கள். நகரத்தைச் சுற்றி வட்டமடிக்கும் பஸ் அது. சின்னவள் ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். இறங்கும் இடம் வந்தபோது உள்ளே நெருக்கியடித்துக் கூட்டம். பெரியவளை இழுத்துக்கொண்டு அவர் பின்படியில் குதித்தார். முன்படியில் சின்னவள் இறங்கியிருப்பாள் என்று திரும்பினால் முன்படியில் யாருமே இல்லை. விசில் ஊதியதும் வண்டி நகர்ந்துவிட்டது. கத்திக்கொண்டே ஒரு தெரு தூரம் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றதுதான் மிச்சம்.

மூச்சு வாங்க நின்றவர், "பயப்படாதே, கடைசி ஸ்டாப்புக்கு ஒரு ஆட்டோ பிடிச்சிடலாம்" என்றார்.

பெரியவள் அவரையே பார்த்தாள். "மாமா, ரவுண்டு வண்டிக்குக் கடைசி ஸ்டாப் ஏது?"

ஊரில் உள்ள அத்தனை வண்டிகளையும் அறிந்தவருக்கு இது உறைக்கவில்லை. நிறுத்தத்துக்குத் திரும்பி, அங்கிருந்த கூண்டில் நேரம் குறிப்பவரிடம் போய் நின்றார். அவர் நாலு இடத்துக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்த கண்டக்டர் புதுசு, நம்பர் இல்ல சார். வண்டி சுத்திட்டு இங்கதான் வரணும். ஒன்றரை மணி நேரம். நீங்க வேற எங்கயும் போயிடாதீங்க."

அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் போனை எடுத்துப் பன்னிரண்டு முறை அக்காவின் பெயரைப் பார்த்தார். வேலை நேரத்தில் அவள் போன் அலமாரியில் பூட்டியிருக்கும். அடித்தாலும் எடுக்க முடியாது. பெரியவள் மெல்லச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாத மாமா. நாங்களும் சொல்ல மாட்டோம். சொன்னா எல்லாம் போச்சு."

வந்த ஒவ்வொரு வண்டியின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்த வண்டியில், நடத்துநர் இருக்கையில் மகாராணி மாதிரி சின்னவள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் நடத்துநரின் விசில். இறங்கியதும் அவள்தான் முதலில் கோபப்பட்டாள். "கடைசி ஸ்டாப் வரவே மாட்டேங்குது மாமா! கண்டக்டர் அங்கிள் எங்க இறங்கணும்னு கேட்டுட்டே இருந்தாரு. கடைசி ஸ்டாப்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டு, ஜன்னல்ல பாத்துட்டே வா, மாமா நிக்கிற எடத்துல விடறேன்னாரு. நான்தான் மாமாவை இங்க பாத்துட்டேன். பாலம் பாத்தேன், கப்பல் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பாத்தீங்க?"

மீட்டர்காரர் நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

மாலை ஆறு மணிக்கு அக்கா வந்தாள். பெண்கள் இருவரும் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "நீ சொன்ன மாதிரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துடுக்கா. நான் கேக்க மாட்டேன்" என்று முடித்தார்.

அக்கா சின்னவளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவள் தேம்ப ஆரம்பித்தாள். அக்கா துணிகளை எடுத்துப் பெட்டியில் வைக்கிறாள் என்றே மூவரும் நினைத்தார்கள். ஆனால் உள்ளே தையல் மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

அரை மணி கழித்து இரண்டு கவுன்களோடு வெளியே வந்தாள். கழுத்துப்பட்டையின் உள்பக்கம், சட்டைகளில் அளவு எழுதிய துணித்துண்டு இருக்குமே, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டு. அதில் சிவப்பு நூலில் மீட்டர்காரரின் போன் நம்பர்.

"நாளைக்கு எங்க கூட்டிட்டுப் போற?" என்றாள்.

அவள் கையில் இன்னொரு வெள்ளைத் துண்டு மிச்சமிருந்தது. அதில் இருந்தது அவளுடைய நம்பர்.

"புள்ள எங்கடா தொலைஞ்சா? சமத்தா வண்டியில உக்காந்து ஊரைப் பாத்துட்டு வந்திருக்கா. தொலைஞ்சு போய் அழுதுட்டு நின்னது நீதான். கழட்டு சட்டையை."

அவர் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.