வெர்னாவின் பத்தொன்பதாம் நம்பர் டிராம்

வெர்னா டக்வெல் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வெரிங்கல் ஊரைச் சுற்றியிருக்கும் கோதுமைப் பண்ணைகளில் அவள் பேருந்தில் ஏறாமல் படித்து முடித்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. எந்தத் திருப்பத்தில் கங்காரு குறுக்கே பாயும், மழை பெய்தால் எந்த மண்பாதையில் சக்கரம் புதையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கணவர் கொலின் இறந்து ஏழு வருடமாகியும் தனியாகத்தான் இருந்தாள். கார் இருந்தது; வேறென்ன வேண்டும் என்று இருந்தாள்.

அறுபத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் காலை, சாலை நடுவில் போட்டிருந்த வெள்ளைக்கோடு நெளிந்து தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இன்னும் அதிகமாக நெளிந்தது. பக்கத்து நகரமான ஸ்வான் ஹில்லில் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி வருகிறது, நாலு வாரத்துக்கு ஒரு முறை மெல்போர்ன் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டால் இருக்கிற பார்வை தங்கும் என்றார்.

ஓட்டுநர் உரிமத்தை யாரும் கேட்பதற்கு முன்பே அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். காவல் நிலையத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு போய், அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று யோசிக்கவே இல்லையே என்று உறைத்தது. அங்கிருந்த காவலரே அவள் காரில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார். வழி முழுக்க அவளுடைய வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

ஒரே மகள் ராஸ்லின் மெல்போர்னில், கோபர்க் பகுதியில் இருந்தாள். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. சுலபத்தில் விடுப்புக் கிடைக்காது. அதனால் முதல் முறை எல்லாவற்றுக்கும் டாக்சி ஏற்பாடு செய்திருந்தாள். ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்று, மறுநாள் மருத்துவமனைக்கு ஒன்று, திரும்ப ஒன்று.

“எப்படிம்மா, வசதியா இருந்துச்சா?” என்று அன்று மாலை கேட்டாள்.

“பார்சலுக்கு வசதியாத்தான் இருந்திருக்கும். பின்சீட்ல போட்டாங்க, உன் வாசல்ல இறக்கினாங்க. மெல்போர்ன்னு ஒரு ஊரு இருக்கறதே எனக்குத் தெரியல.”

“குறும்பு பண்ணாதே.”

“அந்த டிரைவரு வளைவுல கியர் மாத்துறதே சரியில்ல.”

“அது ஆட்டோமேட்டிக்மா.”

“அதான் சரியில்ல.”

அடுத்த மாதம் ஊசி போட்டு முடிந்ததும், வரவேற்பில் இருந்த பெண்ணிடம் டாக்சியை வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டு, வெர்னா தெருவில் இறங்கினாள். ஒரு கண்மேல் பஞ்சு ஒட்டியிருந்தது. மற்ற கண்ணிலும் ஓரங்கள்தான் தெரியும், நடுவில் மங்கல். ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதைப் பார்க்க வேண்டும். கோபர்க் போவது பத்தொன்பதாம் நம்பர் டிராம் என்று தெரிந்துகொண்டு, கேட்டுக் கேட்டு எலிசபெத் தெரு வரைக்கும் வந்துவிட்டாள். வந்து நின்ற டிராமின் நம்பர்தான் படிக்க முடியவில்லை.

பக்கத்தில் நின்ற குட்டைமுடிக்காரர் ஒருவரின் காதைப் பார்த்து, “தம்பி, இது பத்தொன்பதா?” என்றாள்.

“தம்பி இல்லைங்க, பொண்ணு. ஆனா பத்தொன்பதுதான். ஏறுங்க.”

ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. மணியடித்தது, கதவு மூடியது, பாரமான வண்டி மெல்ல நகர்ந்தது. எதிரே ஒரு அம்மாவும் மகளும் கல்யாணத்துக்கு எந்தச் செருப்பு என்று சண்டை போட்டார்கள். பின்னால் ஒருவர் தன் அண்ணனை ஃபோனில் திட்டிக்கொண்டே வந்தார். அந்த அண்ணன் செய்தது அநியாயம்தான் என்று வெர்னாவும் முடிவுக்கு வந்தபோது டிராம் நின்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

“கடைசி ஸ்டாப்புங்க,” என்றாள் ஓட்டுநர். நாற்பது வயதுப் பெண். வண்டியைத் திரும்ப ஓட்ட அதன் மறுமுனைக்குப் போவதற்காகப் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தாள். “இதுக்கு மேல தண்டவாளம் இல்ல.”

“நான் பெல் தெருவுல, மக வீட்டுக்கிட்ட இறங்கணும். ஒரு குடும்பத் தகராறுல மாட்டிக்கிட்டேன்.”

“உங்க குடும்பமா?”

“சேச்சே, முன்னப்பின்ன தெரியாதவங்க.”

ஓட்டுநர் சிரித்தாள். “அப்படியே உக்காருங்க. பத்து நிமிஷத்துல திரும்புவேன், இறக்கி விடறேன்.”

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மார்க்கெட்டுக்கிட்ட முன்னாடி போன வேனுக்கு ரெண்டு தடவை பிரேக் போட்டீங்க. ரெண்டாவது தேவையே இல்ல.”

அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “யாருங்க நீங்க, இன்ஸ்பெக்டரா?”

“ஸ்கூல் பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம்.”

“அப்ப சரி. ரெண்டாவது, பயத்துல போட்டது.” அவள் எதிரில் வந்து உட்கார்ந்து, தாளில் சுற்றியிருந்த மூலிகை தூவிய ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள். “நாதியா. எங்க மாமா கடை ரொட்டி. சாப்பிடுங்க.”

வாகனம் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் பத்து நிமிடம் எந்த மூலைக்கு?

பெல் தெருவில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே ராஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். டாக்சியை வேண்டாம் என்று சொன்ன செய்தி கிடைத்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

“எங்கம்மா போன? ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை ஃபோன் பண்ணிட்டேன்! ஒரு கண்ணு மூடியிருக்கு, இன்னொண்ணு தெரியல. ரோட்டுல விழுந்து கிடந்தா யாரு பாக்கறது?”

“நாதியா பார்ப்பா.”

“யாரு நாதியா?”

வெர்னா உள்ளே போய்ச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். ராஸ்லின் தேநீர்க் கோப்பையைத் தட்டோடு டொக்கென்று அவள் முன்னால் வைத்தாள்.

“ராஸ்லின், ஊர்ல நான் எப்படி இருக்கேன்னு உனக்குத் தெரியாது. ரொட்டி வாங்கணும்னா பக்கத்து வீட்டுல கேக்கணும். உங்கப்பா கல்லறைக்குப் பூ வைக்கணும்னாலும் யாருக்கு எப்ப ஒழியும்னு பாக்கணும். எல்லாரும் நல்லவங்க, இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா ஒரு நாளைக்கு எத்தனை தடவைடி நன்றி சொல்றது? அந்த ஊர்ல அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டுப் போனவ நான்.” கோப்பையைத் தள்ளி வைத்தாள். “இங்க அந்த டிராம் யாரும் கூப்பிடாமலே வருது. எனக்காக வரல. ஆனா நான் ஏறிக்கலாம்.”

இரவு படுக்கப் போகும்போது ராஸ்லின், “சரி, அடுத்த தடவை டாக்சி சொல்லல,” என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி டாக்சி ஏற்பாடு செய்யவில்லை. ஆனால் அடுத்த மாதம் கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்கி, எலிசபெத் தெருவில் காத்திருந்து, அம்மா முன்கதவில் ஏறியதும் சத்தம் போடாமல் பின்கதவில் ஏறிக்கொண்டாள். அம்மா இன்னொருவரிடம் நம்பர் கேட்டதையும், கம்பியைப் பிடித்து நிதானமாக உட்கார்ந்ததையும் கூட்டத்தின் இடுக்கில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பள்ளிவிடும் நேரம். வழியில் பதினைந்து, இருபது பிள்ளைகள் பின்பக்கம் ஏறினார்கள். ஒருவன் தொப்பியை இன்னொருவன் பிடுங்கினான், பை பறந்தது. கூச்சலில் நிறுத்தத்தின் பேரைச் சொல்லும் அறிவிப்பு காதில் விழவில்லை. அறிவிப்பை நம்பித்தான் வெர்னா வண்டியில் இருந்தாள். ஓட்டுநரும் சட்டென்று வேகத்தைக் குறைக்க, குச்சி ஊன்றி நின்ற ஒரு கிழவர் தடுமாறினார்.

வெர்னா திரும்பவில்லை. எழவும் இல்லை.

“பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் உக்காரு!”

வயலில் ஓடுகிற டிராக்டரையும் அணைக்க வைக்கிற குரல் அது. தொப்பிக்காரன் உட்கார்ந்தான். பை எறிந்தவள் உட்கார்ந்தாள். இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். எட்டு வருடம் அந்தக் குரலுக்குக் கீழே பள்ளிக்கூடம் போய்வந்த ராஸ்லின், நாற்பத்துமூன்று வயதில், யாரோ ஒருவருடைய வெங்காயப் பையின்மேல் பொத்தென்று உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க, என் வெங்காயம்!”

ராஸ்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

முன்னாலிருந்து குரல் வந்தது: “ராஸ்லின், வேவு பாத்தது போதும். முன்னாடி வா.”

“சிரிப்பை வெச்சே கண்டுபிடிச்சியா?”

“சிரிப்புக்கு முன்னாடியே. ரெண்டு ஸ்டாப்பா இருமிக்கிட்டு வர்ற. மருந்து வாங்கிச் சாப்பிடுறதுக்கு என்ன?”

அதன்பிறகு ராஸ்லின் பின்தொடரவில்லை. தன் பங்குக்கு ஒன்று செய்தாள்: ‘19’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கொடுத்தாள், அதைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டுநரே நின்று ஏற்றிக்கொள்வார். வெர்னா அதை முதலில் மறுத்தாள், பிறகு பையில் வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் ஊசிக்கு இரண்டு நாள் முன்பே ரயிலேறி வந்துவிடுகிறாள். ஒரு நாள் கடற்கரைக்குப் போகிற டிராம், ஒரு நாள் மிருகக்காட்சிசாலைப் பக்கம். நாதியாவின் பணிநேரம் ஒத்துவந்தால் கடைசி நிறுத்தத்தில் அரை மணி பேச்சு.

பார்வை கூடவில்லை, குறையவும் இல்லை.

போன மார்ச்சில் அவள் வெரிங்கல் பகுதிக் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று, “வாரத்துல ஒரு நாளாவது ஸ்வான் ஹில்லுக்கு ஒரு வண்டி விடுங்க. கார் ஓட்ட முடியாதவங்க நான் ஒருத்தி மட்டுமில்ல” என்றாள். தலைவர் ஆளில்லாமல் ஓடுமே என்றார். அவள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று ஓடுகிறது. போன வாரம் ஏழு பேர் வந்தார்கள். ஒருத்தி முடிவெட்டிக்கொள்ள, இரண்டு பேர் நூலகத்துக்கு, மற்றவர்கள் சும்மா ஊர் பார்க்க.