மாலை விழுந்த ஒளிப்படம்

கண்காட்சியில் வாங்கிய அந்தக் கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தில் குருநகர் மீனவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் சேகரிப்பிலேயே பெரிய படம் அது. கொக்குவில் வீட்டு ஹோலில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை நான் வீடு திரும்பும் நேரம், படத்தை எடுத்தவர் அதை மாட்டியிருக்கும் இடத்தைக் காட்ட அந்த மீனவரையே கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும்தான் படத்தைக் கண்டேன். காலமான உறவினர் யாரோ என்று நினைத்து, வீட்டிலிருந்த என் மாமி படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூமாலையும் போட்டிருந்தார். பொட்டுக்குக் கீழே, படத்திலிருந்த மீனவரின் கழுத்தில் சிலுவை.

மீனவர் கிட்டப்போய்ப் பார்த்தார்.

"நான் இன்னும் சாகேல்லை அம்மா," என்றார் மாமியிடம். மாமி மாலையைக் கழற்ற ஓடினார். "விடுங்கோ, கிடக்கட்டும். கலியாணத்துக்குப் பிறகு இப்பதான் எனக்கொரு மாலை விழுந்திருக்கு. மனிசியைக் கூட்டியந்து காட்டோணும்."

அதுவரை அச்சிட்ட தாளையும் ஒளியையும் மட்டுமே பார்த்துப் படம் வாங்கியவன் நான். இப்போது படத்திலிருப்பவரைப் பற்றியும் விசாரிக்கிறேன். மாட்டுவதற்கு முன் மாமியிடம் சொல்ல வேண்டுமே:

"ஆள் உயிரோடை இருக்கிறார், மாமி."